கோணலாய் நின்ற வீட்டு வண்டி

அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஏற்காடு மலை தெரியும். தெரிந்து என்ன செய்ய? பிள்ளை குட்டி, சமையல் என்று அக்காவுக்கு ஒருநாளும் போக வாய்க்கவில்லை. முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு அவளால் சேர்ந்தாற்போல் கால் மணி நேரம் உட்காரவே முடியாது. என் வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் தொழிலை விட்டுவிட்டு, நாமக்கல் பட்டறையில் ஒரு பழைய வேனைக் கட்டிலும் அடுப்புமாக வீடுபோல் மாற்றியபோது எனக்கு முதலில் தோன்றியது அக்காதான். படுத்துக்கொண்டே மலையேறிவிடலாமே!

கிளம்புகிற அன்று அக்கா புதுப்புடவை கட்டி, புளிச்சோற்றுத் தூக்கோடு வாசலில் நின்றாள். தெருவில் பைக் போக இடம் வேண்டுமே என்று வேனின் பின்சக்கரம் ஒன்றை வாசல் சரிவில் ஏற்றி நிறுத்தியிருந்தார் என் வீட்டுக்காரர். சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. டிரைவர் பக்கமாக உள்ளே போகலாமென்றால் நடுவில் பலகைத் தடுப்பு.

தேங்காய் எண்ணெய் விட்டார். தோளால் முட்டினார். "வண்டி கோணலா நிக்கறதாலயோ என்னமோங்க" என்று தலையைச் சொறிந்தார். அக்கா விடுவாளா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா! ஆகற வேலையப் பாருங்க மாப்ளே" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் வெட்கப்பட்டு மறுபடி பூட்டோடு மல்லுக்கு நின்றார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

வெயில் ஏறிப்போயிற்று. நின்று நின்று முதுகு கடுத்து, அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தாள். பட்டறைக்குக் கொண்டுபோக அவர் வண்டியைச் சரிவிலிருந்து இறக்கினார். நாலு சக்கரமும் சமமாக நின்றதும், கைப்பிடி இருந்த ஓட்டையில் விரலை விட்டு இழுத்தார். டக்கென்று திறந்துகொண்டது. ஒரு சக்கரம் மேலே ஏறியதில் முறுக்கிக்கொண்டு கதவை இறுக்கிப் பிடித்திருந்தது வண்டிதான். அக்காவுக்கென்று ஜன்னலோரம் நான் போட்டிருந்த தலையணை அப்படியே கிடந்தது.

ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்போ, கூடம் நெசமாலுமே கோணல்தானா!" என்று படுத்தபடியே சிரித்தாள். இப்போதே கிளம்பலாம் என்றேன். அவளால் எழ முடியவில்லை.

"உடு சாமி. மலை எங்க போயிரப் போவுது? அடுத்த வாரம் போலாம்."

அடுத்த வாரம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அக்கா திரும்பி வரவில்லை.

பூட்டைத் திட்டலாமென்றால் அது ஒரு தப்பும் செய்யவில்லை. யார்மேலும் கோபப்பட முடியாத வருத்தம் எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது. காரியம் முடிந்து அக்காவின் புடவைகளைக் காயப்போட மாடிக்குப் போனேன். அவள் சொன்னது சரிதான். மலை எங்கேயும் போகவில்லை.