மண்ணில் புதைத்த பிலிம்

நான் வேலை செய்யும் போட்டோ கொப்பிக் கடைக்கு இன்று ஒரு சேர் வந்தார். புதுமாதிரியான ஆவணப்படங்கள் எடுப்பவர். மூன்று வருடத்துக்கு முன் கலஹாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, அம்மா கொழுந்து பறிப்பதைப் படம் பிடித்தார். அதற்காக அம்மா தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்.

எனக்கு யாரிடமும் எதையும் கேட்க வாய் வராது. இன்று கேட்டுவிட்டேன்.

“சேர், அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. வீட்டுல அடையாள அட்டைப் படம் மட்டும்தான் இருக்கு. நீங்க எடுத்தத ஒருதரம் பாக்கலாமா?”

“ஐயோ பிள்ளை, அந்தப் பிலிமை உங்கட தேயிலைக்குக் கீழயே ஆறு மாசம் புதைச்சு வச்சனான். மண் முகத்தைத் தின்னவேணும். இருபது வருசமா என்ர முறை அதுதான். வெளிநாடுகளிலை நல்ல பேர்.”

போனில் காட்டினார். நீலமும் பச்சையுமாகக் கறைகள் நெளிந்தன.

“இதுல அம்மா எது சேர்?”

ஒரு கறையைத் தொட்டார். பிறகு, “இல்லை, இதாயிருக்கும்” என்று வேறொன்றைத் தொட்டார்.

தோட்டத்து ஆட்களே, உங்கள் கலியாண வீடியோக்களைக் கொஞ்சம் தேடிப் பாருங்கள். அம்மா எங்காவது பந்தியில் குனிந்து பரிமாறிக்கொண்டிருப்பார். முதுகு மட்டும் தெரிந்தாலும் அனுப்புங்கள். நான் கண்டுபிடித்துவிடுவேன்.