என் தட்டுக் கொசுக்கள்

கொசு வளர்த்துச் சம்பளம் வாங்குகிறேன் என்றால் மாசாயில் என் அடுக்குமாடிக்காரர்கள் சிரிப்பார்கள். அந்த ஆய்வுக்கூடத்தில் நானும் ரெங்கத்திலிருந்து வந்த ஒருத்தியும் ஒரே நாளில் சேர்ந்தோம். இருவருக்கும் தற்காலிக வேலை. ஆண்டு முடிவில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள்.

ஆய்வை நடத்திய டாக்டரம்மா கொசுப்புழுத் தட்டுகளைப் பிரித்துக் கொடுத்தார். அவள் தட்டுகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று சின்னக் கரண்டி மீன்தீனித் தூள். என்னுடையவற்றுக்கு அரைக் கரண்டி. தீனி குறைந்தால் கொசு எவ்வளவு சிறுக்கிறது, எத்தனை நாள் வாழ்கிறது, எத்தனை முட்டை இடுகிறது என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. சிறுத்துப்போவதுதான் என் கொசுக்களின் வேலை. மூளைக்குப் புரிந்தது, வயிற்றெரிச்சலுக்குப் புரியவில்லை.

அவள் கொசுக்கள் பெரிதாக வந்தன. முட்டையிட வைத்த தாளில் மிளகுத்தூள் கொட்டியதுபோல் இட்டுத் தள்ளின. என்னுடையவை அங்கொன்றும் இங்கொன்றும் இட்டுவிட்டுச் சீக்கிரமே செத்து விழுந்தன.

“அலமாக்! உங்க கொசுங்க டயட்ல இருக்காக்கா?” என்று சிரித்தாள். பார்க்க வந்தவர்களும் அவள் கூண்டின் முன்னால்தான் நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த சுற்றில் யாரும் பார்க்காதபோது என் தட்டுகளில் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவை பெருத்ததைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

சிறகை அளந்தபோது அவளுடையவையும் என்னுடையவையும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்தச் சுற்று முழுவதும் வீண்.

“யார் தீனியக் கூடப் போட்டது?” என்று டாக்டரம்மா கேட்டார்.

நடுவில் மூன்று நாள் காய்ச்சலென்று நான் எம்.சி. விடுப்பு எடுத்திருந்தேன். அப்போது என் தட்டுகளையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“அக்கா லீவுல இருந்தப்ப நான்தான் மாத்திப் போட்டுட்டேன் போல. சாரி டாக்டர்.”

உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

நிரந்தர வேலை எனக்குக் கிடைத்தது. அவள் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். போன வாரம் சந்தையில் எதிர்ப்பட்டாள்.

“கொசுங்க நல்லா இருக்காக்கா? அன்னிக்கு என்னால உங்க உழைப்பும் வீணாப்போச்சு. மனசுல வச்சுக்காதீங்க.”

சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். இவளுக்கு மட்டும் மனசு எப்படி இவ்வளவு லேசாக இருக்கிறது என்று எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

“பரவால்ல, விடு லா” என்று அவளை மன்னித்து அனுப்பினேன்.