நர்மதா வைத்த பெயர்கள்

வண்டியின் விலாவில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நர்மதா பேச்சைத் தொடங்குவாள். "இது வண்டி இல்லீங்க, ஊடு. ஊட்டுக்குச் சக்கரம் இருக்குது, அவ்வளவுதான்." கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். அதற்குள் அடுத்த பாகத்துக்குப் போயிருப்பாள்.

வடகரப்பதிக்கு வெளியே, தென்னந்தோப்பு முடிந்து பனைகள் தொடங்கும் இடத்தில், கம்பிவேலி போட்ட ஒரு வெளி. படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ளேயே கொண்ட மூன்று வெள்ளை வண்டிகள் அங்கே வாடகைக்கு நிற்கின்றன. கணவாய்க் காற்று ஆனியில் தொடங்கினால் ஆவணி வரை ஓயாது. அந்தக் காற்றில் மூன்று வண்டிகளும் நின்ற இடத்திலேயே மெல்ல ஆடும். தூரத்திலிருந்து பார்த்தால் காய்ந்த சோளக்காட்டுக்கு நடுவே யாரோ படகு கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும்.

முதல்முறை வாடகைக்கு எடுப்பவர்களிடம் வண்டியின் பாகங்களையும் அவற்றின் பெயர்களையும் சொல்லி ஒப்படைப்பது நர்மதாவின் வேலை. வயது முப்பத்தெட்டு. இதற்கு முன் ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, லாரித் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அறிவித்துக்கொண்டிருந்தாள். அதனால் அவள் குரல் காற்றை மீறிக் கேட்கும். தண்ணீரைப் பற்றி யாராவது அலட்சியமாகப் பேசினால் முகம் சுருங்கும்.

வண்டிகளின் முதலாளி சைனுதீன், பாலக்காட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்துவிட்டு, ஷோர் பவர், கிரே வாட்டர், ஆனிங் என்று வாய் நிறையச் சொல்வார். நர்மதா முதல் வாரமே கேட்டாள்: "ஷோர்னா கரைதானுங்களே பாய்? இங்க எங்கீங்க கரை இருக்குது?" அது கப்பல்காரர்கள் வைத்த பேர் என்றார் அவர். "நம்மளது ஊர் கம்பத்துல இருந்து வர்ற கரண்ட்தானுங்களே" என்றாள். அன்றிலிருந்து அது ஊர்க் கரண்ட்.

ஒவ்வொன்றாகப் பெயர்கள் மாறின. ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும் படுக்கை, அட்டாலி. பக்கவாட்டில் விரியும் துணிக்கூரை, தாவாரம். மேடுபள்ளத்தில் வண்டியைச் சமமாக நிறுத்துவது, ரசமட்டம் பார்ப்பது. அதற்குக் கருவி வேண்டாம், மேசைமேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தால் போதும் என்பாள். பாத்திரம் கழுவிய நீர் தங்கும் தொட்டியைத் திறந்து காட்டி, "கழனித்தண்ணி. நெறமும் அதேதான் பாருங்க. ஆனா மாட்டுக்கு வெச்சராதீங்க, சோப்பு இருக்குது" என்பாள்.

கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அவர்கள் கண் வேலிக்கு அப்பால் நீலமாகக் கிடக்கும் மலைகளின்மேல் இருக்கும். மனம் அதற்குள் ஏதோ ஓர் ஏரிக்கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும். நர்மதாவுக்கு அது தெரியும். அதனால்தான் ஒரு விதி வைத்திருந்தாள்: பத்துப் பெயரையும் திருப்பிச் சொல்ல வேண்டும், காசெட்டை ஒருமுறை தன் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகுதான் சாவி.

"காசெட்டுன்னா பாட்டுக் கேக்கறது இல்லீங்க. கக்கூசுக்கு அடியில இருக்கற இந்தப் பெட்டி. உள்ள போயிட்டு வர்றது பூராவும் இதுக்குள்ளதான் சேரும். நெறைஞ்சா செவப்பு லைட் எரியும். வெளிக்கதவைத் தொறந்து இழுத்து, உருட்டிட்டுப் போயி, அதுக்குண்டான குழியில ஊத்தோணும். ஆளு வரமாட்டாங்க. அவங்கவங்களுது அவங்கவங்கதான்."

அந்த விதியை அவள் ஒரே ஒருமுறை தளர்த்தினாள்.

இந்த ஆவணியில் ஆறுமுகசாமியும் அவர் மனைவி செல்லாத்தாளும் வந்தார்கள். பக்கத்தில்தான் தோப்பு. அறுபத்தைந்து வயதிலும் தேங்காய் லாரியைத் தானே ஓட்டுகிற மனிதர். செல்லாத்தாளுக்குக் குடலில் அறுவைச் சிகிச்சை நடந்து ஐந்து வருடம். அரைமணிக்கு ஒருதரம் கழிப்பறைக்குப் போக வேண்டும். எப்போது என்று அவள் கையில் இல்லை. ஐந்து வருடமாக அவள் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை, பேருந்தில் ஏறவில்லை. மலைமேல் சூரியநெல்லியில் கடை வைத்திருப்பவரைக் கட்டிய தங்கை காளியாத்தாள் ஞாயிறுதோறும் போனில், "இன்னைக்கும் மேகம் ஊட்டுக்குள்ள வந்துருச்சுக்கா" என்பாளாம். அதைப் பார்க்க வேண்டும். தங்கை வீட்டுக் கழிப்பறை முப்பது படி இறங்கி இருப்பதால்தான் இந்த வண்டி.

செல்லாத்தாள் நர்மதாவை ஓரமாக அழைத்து, "ஏங் கண்ணு, நடு ரோட்டுல வந்துட்டா?" என்றாள்.

"நிறுத்தச் சொல்லுங்கம்மா. எங்க நின்னாலும் உங்க ஊடுதானுங்க."

செல்லாத்தாள் கதவின் பிடியை ஒருதரம் திருகி, உள்ளே எட்டிப் பார்த்து, மீண்டும் மூடினாள். புது வீட்டைப் பார்ப்பவள்போல் இருந்தது அது.

நர்மதா காசெட்டுக்கு வந்தபோது ஆறுமுகசாமி டயரைப் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார். அவர் காது சிவந்திருந்ததை நர்மதா கவனித்தாள். கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, தாவாரத் துணி ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அம்மணி, செவப்பு லைட் எரியுது." ஆறுமுகசாமியின் குரல் தாழ்ந்திருந்தது. "இங்க வண்டி நிறுத்தற எடத்துக்காரங்க குழி எங்கயிருக்குதுன்னு காட்டிட்டுப் போயிட்டாங்க. செய்யறதுக்கு யாராச்சும் ஆள் இருந்தாச் சொல்லு."

"ஆள் இல்லீங்கய்யா."

"அப்பக் கெளம்பி வந்தர்றோம். அவளும் அதையேதான் சொல்றா. மேகமும் வரலை, ஒண்ணும் வரலை."

நர்மதா கேட்டாள். "அம்மா தண்ணி குடிச்சாங்களா?"

"நேத்து மத்தியானம் குடிச்சது. சோறும் வேண்டாங்கறா. பெட்டி ரொம்பிப்போயிருமாம்."

நர்மதா வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முன்னால் ஈரத்துணி காற்றில் உப்பி எழுந்து எழுந்து விழுந்தது.

"தப்பு என் பேர்லதானுங்க. அன்னைக்கே உங்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கோணும். பெரியவரு, சங்கடப்படுவீங்கன்னு உட்டுட்டேன். இப்பச் சொல்றேன். போனை ஜோப்புல போட்டுக்குங்க, பேச்சு வெளிய கேக்கற மாதிரி."

"நானா?"

"நீங்கதானுங்க. வேற யாரு செஞ்சாலும் அம்மா நாளைக்கும் தண்ணி குடிக்க மாட்டாங்க."

போன் சட்டைப்பைக்குள் இறங்கும் சரசரப்புக் கேட்டது.

"எடப்பக்கம், பின்சக்கரத்துக்கு மேல சின்னக் கதவு. தெரியுதுங்களா?"

"ம்."

"தொறந்துட்டு, மஞ்சக் கொக்கியைத் தூக்குங்க. தூக்கிக்கிட்டே இழுங்க. பையப் பைய. அதுக்குச் சக்கரம் இருக்குது, தானா வரும்."

பிளாஸ்டிக் சக்கரங்கள் சிமெண்டுத் தரையில் கடகடவென்று உருளும் ஓசை வந்தது. நர்மதா உட்கார்ந்தபடியே, மனத்தில் அந்த ஓசையோடு கூடவே நடந்தாள். மூடிய கண்ணுக்குள் மலைமேல் ஒரு தேயிலைச் சரிவும் ஈரச் சிமெண்டும், வேட்டி கட்டிய மனிதர் குனிந்து நடப்பதும் தெரிந்தன. ஓசை நின்றது. மூடியைத் திருகச் சொன்னாள். முகத்தைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் ஊற்றுவது கேட்டது. ஒருமுறை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு குழாய்த் தண்ணீர் விழுந்தது.

"ரெண்டாவது தடவையும் அலசீருங்க."

"மூணு தடவை அலசிட்டேன்."

பெட்டி உள்ளே போய்ப் பொருந்தும் 'டக்' ஓசைக்குப் பிறகு, அவர் போனை மறந்துவிட்டார் போலிருக்கிறது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "செல்லா, காலி பண்ணியாச்சு. தண்ணி குடி."

உள்ளிருந்து செல்லாத்தாள் ஏதோ கேட்டாள். அது நர்மதாவுக்கு எட்டவில்லை.

"நான்தான்" என்றார் ஆறுமுகசாமி. "வேற யாரு?"

நர்மதா அழைப்பைத் துண்டித்துவிட்டு, துணியை எடுத்து மீண்டும் பிழிந்தாள். அது ஏற்கெனவே பாதி காய்ந்திருந்தது.

சாயங்காலம் நாலரைக்கு இன்னொரு அழைப்பு. இம்முறை செல்லாத்தாள்.

"கண்ணு, வந்துருச்சு." இரகசியம் சொல்பவள்போல் பேசினாள். "மொதல்ல கீழ ரோட்டைக் காணோம். அப்பறம் தேயிலையைக் காணோம். இப்பத் தாவாரத்துக்குக் கீழ வந்து நிக்குது. காளியாத்தா எம்பக்கத்துலதான் உக்காந்திருக்கறா, கை மட்டும் தெரியுது. உங்கய்யா எதுத்தாப்புல இருக்கறாரு, ஆளே இல்லை கண்ணு, பேச்சு மட்டும் வருது."

"குளிருதுங்களா?"

"முகமெல்லாம் நனைஞ்சுபோச்சு. தொடைக்கவே மனசு வரலை." கொஞ்சம் நிறுத்தி, "நாலு டம்ளர் டீ குடிச்சேன்" என்றாள்.

போனை வைக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நர்மதா காதிலிருந்து போனை எடுக்காமல் வெளியில் நின்றாள். பனையோலைகள் சலசலத்தன. உலர்ந்த சிவப்புத் தூசி காலைச் சுற்றிப் போயிற்று. வெள்ளை வண்டிகள் ஆடின. எங்கோ மேலே, தான் பெயர் வைத்த ஒரு துணிக்கூரையின் கீழ் மேகம் உட்கார்ந்திருப்பதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள், வழியில் தங்கள் தோப்பில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவர்கள் திரும்பினார்கள். ஆறுமுகசாமி சாவியை நீட்டினார். "டயர்ல காத்துக் கொஞ்சம் கம்மியாயிருக்குது, பாத்துக்க அம்மணி" என்று மட்டும் சொன்னார். செல்லாத்தாள் நர்மதாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, அங்கே விட்டுப் போயிருந்த தங்கள் காரில் ஏறினாள்.

அவர்கள் போனபின் நர்மதா வழக்கம்போல் முழங்கைவரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, பின்சக்கரத்துக்கு மேலுள்ள சிறு கதவைத் திறந்து பெட்டியை இழுத்தாள். கழுவி, வெயிலில் காயவைத்து, மூடியின் திருகுச் சந்துகள்வரை துணியால் துடைத்திருந்தது. மறையூர்ப் பக்கம் வழியோரத்தில் விற்கிற புல்தைல வாசனை மெலிதாக வந்தது. அவள் சற்று நேரம் குனிந்தபடியே இருந்தாள். பிறகு கையுறைகளைக் கழற்றி வேலிக்கம்பியில் தொங்கவிட்டுவிட்டு, வெறுங்கையால் பெட்டியை உள்ளே தள்ளி மூடினாள்.