நாலாவது பக்கம்

எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் கட்டைவிரல் நகத்தால் அதன் நான்கு ஓரங்களையும் ஒருமுறை அழுத்தி நீவிவிடுவாள். மெஷினுக்குள் போகிற சான்றிதழ் என்றில்லை. கரண்ட் பில், பழைய காலண்டர், மளிகைப் பொட்டலம் பிரித்த காகிதம், எது அகப்பட்டாலும் நகம் தானாக ஓடும். இருபது வருடம் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் மெஷினோடு குடித்தனம் நடத்தியவள். "ஓரத்துல காத்து புகுந்துச்சுன்னா உள்ள இருக்கிறது போச்சு" என்பாள், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும். தெருவுக்கே அவள் லேமினேஷன் அக்கா. வீட்டில் குழந்தையின் போர்வைக்குக்கூட அந்த நகத்திடமிருந்து தப்ப வழியில்லை.

குழந்தை வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று நாற்பத்திரண்டு வயதுவரை பிடிகொடுக்காமல் இருந்தவள், மூன்று வருடம் மனுமேல் மனு போட்டுக் காப்பகத்திலிருந்து தத்தெடுத்த ஐந்து வயதுப் பெண். அதிகம் பேசாது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் கடை மேசைக்கு அடியில் ஒரு துணிப் பொம்மையோடு உட்கார்ந்திருக்கும்.

கோர்ட்டு உத்தரவு கைக்கு வந்த அன்றே அதை மெஷினில் விட்டு எடுத்துவிட்டாள். கடை முதலாளி பதறிப்போனார்.

"ஏம்மா, ஒரிஜினலையா போட்ட?"

"ஆமாண்ணே. என் ஆயுசுக்கும் கசங்கக் கூடாது பாருங்க."

"சரியாப் போச்சு. உன்ன விட்டா அந்தப் பாப்பாவையே மெஷின்ல விட்டு எடுத்துடுவ."

கடையே சிரித்தது. குழந்தை மட்டும் சிரிக்காமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளிநாட்டில் கூடப்பிறந்த அண்ணன் நடத்தும் அச்சகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் விசா செல்லாது. வெள்ளிக்கிழமை மதியம் விமானம். பெட்டியை அனுப்பிவிட்டு, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் வரிசையில் நின்றபோது அவளுக்கு ஒரு பயமும் இல்லை. அத்தனை தாளும் கைவசம்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த அதிகாரி உத்தரவை வாங்கிப் பிளாஸ்டிக்கைச் சுரண்டினார்.

"ஒரிஜினல் எங்க?"

"இதுதான் சார்."

"சீல் கைக்குத் தட்டுப்படணுமேம்மா. வழவழன்னு இருக்கு."

"உள்ள இருக்கு சார். கண்ணுக்குத் தெரியுதே."

"கண்ணுக்குத் தெரியறத எந்தக் கடையிலயும் பண்ணிடலாம். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஜெராக்ஸ் கடையில."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவசர அவசரமாகப் பையைத் திறந்தாள். "பதினாலு காப்பி இருக்கு சார், ஒவ்வொண்ணும் சுத்தமா..."

"நீங்களே எடுத்ததா?"

பின்னால் நின்ற யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அதிகாரி எட்டிக் குனிந்து குழந்தையைக் கேட்டார்.

"பாப்பா, இவங்க யாரு?"

குழந்தை யோசித்தது. மூன்று மாதமாகக் கடையில் எல்லோரும் கூப்பிட்டதையே சொன்னது.

"லேமினேஷன் அக்கா."

அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

உள்ளே ஒரு சிறிய அறை. அங்கிருந்த பெரிய அதிகாரி அவள் வயதையொத்த பெண். குரலை உயர்த்தாமலே பேசினார். அதுதான் அவளுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

"பிளாஸ்டிக்கப் பிரிச்சுக் காட்டுங்க. சீலத் தொட்டுப் பாத்துட்டு அனுப்பிடறேன்."

"பிரிக்க முடியாது மேடம். சூடு போட்டு ஒட்டினது. பிரிச்சா ஜட்ஜு கையெழுத்து பிளாஸ்டிக்கோட வந்துடும். அப்புறம் எனக்குன்னு ஒரு ஆதாரமும் இருக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருபது வருஷமா இதுதான் மேடம் செய்யறேன்."

"இருபது வருஷமா செய்யறவங்க இதப் போய்ப் போடலாமா?"

ஊரார் சான்றிதழ்களையெல்லாம் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுவிட்டுப் போடுகிறவள், தன்னுடையது என்று வந்ததும் கேட்காமலே போட்டுவிட்டாள்.

மேடம் கோர்ட்டுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்காம் முறை யாரோ எடுத்து உத்தரவின் எண்ணைச் சரிபார்த்தார்கள்.

"நம்பர் சரிதான். ஆனா, அந்த நம்பரப் பாத்து இன்னொருத்தர் ஒரு தாள் அடிச்சுக்கலாம். குழந்தை உங்கள அம்மான்னே சொல்லல. சந்தேகம் தீர்ற வரைக்கும் பாப்பா இங்க ஒரு காப்பகத்துல இருக்கட்டும். நீங்க திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போய் வேற பிரதி வாங்கிட்டு வாங்க."

காப்பகம் என்ற சொல் காதில் விழுந்ததும் குழந்தை பொம்மையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டது. அதைப் பார்த்தவளுக்கு விமானம், விசா, அண்ணன் எல்லாம் மறந்துபோயின.

"மேடம், நான் போகல. டிக்கெட் போனா போகட்டும். அவள மட்டும் மறுபடியும் அங்க விட்டுடாதீங்க. நானும் இங்கயே, இந்தத் தரையிலயே உக்காந்திருக்கேன்."

மேடம் நடைப்பக்கம் கையைக் காட்டினார். "வெளிய இருங்க. நான் பாப்பாகிட்ட தனியாப் பேசணும்."

அறைக்கும் நடைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. பார்க்கலாம், கேட்க முடியாது. மேடத்தின் முதுகுதான் பாதிக் கண்ணாடியை அடைத்திருந்தது. குழந்தையின் உச்சந்தலையும் சிவப்பு ரிப்பனும் மட்டும் தெரிந்தன. தலை அசையவில்லை. ஒலிபெருக்கி அவர்களுடைய விமானத்தின் எண்ணைச் சொன்னது. கொஞ்ச நேரம் கழித்து, கடைசி அழைப்பு என்றது. அவள் கையிலிருந்த பதினான்கு பிரதிகளின் ஓரங்களையும் நகம் நீவிக்கொண்டே இருந்தது. எட்டாவது பிரதி கிழிந்தது.

உள்ளே ரிப்பன் குனிந்தது. மேசைமேல் எதையோ செய்தது. மேடம் கர்ச்சீஃபை எடுத்து நீட்டுவது தெரிந்தது. அழுகிறாளோ?

கதவு திறந்தது. மேடம் இரண்டு பாஸ்போர்ட்டையும் நீட்டினார். முத்திரை விழுந்திருந்தது.

"ஓடுங்க, ப்ளேன் ஏறுற கேட்டுக்குப் போன் பண்ணிட்டேன். போனதும் ஊர்ல யார் மூலமாவது கோர்ட்டுல இன்னொரு பிரதிக்கு எழுதிப் போடுங்க. அது வந்தா..."

"மெஷின் பக்கமே கொண்டுபோக மாட்டேன் மேடம்!"

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். கடைசி ஆளாக ஏறினாள். அந்த அறைக்குள் குழந்தை தன்னை அம்மா என்று சொல்லியிருப்பாள், வேறென்ன, என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். கேட்கத் தைரியம் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து, அச்சகத்தின் பின்னறையில் குழந்தை பொம்மைக்கு ஒரு துண்டுத் துணியைப் போர்த்தி நகத்தால் ஓரம் நீவிக்கொண்டிருந்தது. மூன்று பக்கம் முடித்து நிறுத்திவிட்டது.

"இன்னொரு பக்கம்?" என்றாள், தாள் அடுக்கிக்கொண்டிருந்தவள்.

"அந்த ஆன்ட்டியும் இதையேதான் கேட்டாங்க."

"எந்த ஆன்ட்டி?"

"ஏரோப்ளேன் ஏறின அன்னைக்கு. பாப்பா, உன்ன எப்படித் தூங்க வெப்பாங்கன்னு என்னக் கேட்டாங்க. அவங்க கர்ச்சீஃப வாங்கி, பொம்மைக்குப் போத்திக் காமிச்சேன். நாலாவது பக்கத்த ஏன் விட்டுட்டன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அக்கா அங்க அழுத்த மாட்டாங்க, அந்தப் பக்கம் அவங்க படுத்துப்பாங்கன்னு சொன்னேன்."

போர்வையின் நான்கு ஓரத்தையும் அழுத்துவதாகத்தான் அவள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.