பாவு நீட்ட ஒரு நேர்பாதை

எங்கள் தெருக்கோடியில் சும்மா கிடந்த நிலத்தில் பூங்கா வரப்போகிறது, வெயிலையும் வெள்ளத்தையும் தாங்குகிற மரம் செடிகளைத் தெருக்காரர்களே சொல்லலாம் என்று நகராட்சிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். நான் போனது பூங்காவுக்காக இல்லை. அந்த நிலத்தில்தான் விடிந்ததும் பாவு நீட்டுகிறேன். சேலைக்கு நெடுக்காக ஓடும் பட்டு இழைகளை மொத்தமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, சிக்கெடுக்கும் வேலை. தெருவில் செய்ய வண்டிகள் விடுவதில்லை. இப்போதெல்லாம் ஏழு மணிக்கே வெயில் ஏறி இழை அறுகிறது. இந்த இடமும் போனால் என் தறி நின்றுவிடும்.

முதல் ஆளாக எழுந்தவர் என் வீட்டுக்காரர். நாவல் மரம் கேட்டார். சர்க்கரைக்கு நல்லதாம்.

"ஒரு பழம் விழுந்தா ஒரு சேலை போச்சு. உங்க சர்க்கரைக்கு என் பட்டு கறையாவணுமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரைபடம் போட வந்திருந்த பெண்ணிடம் திரும்பினேன். "புங்க மரம் வைங்கம்மா. தண்ணி இல்லாட்டியும் கிடக்கும், தண்ணி நின்னாலும் சாவாது. பூ உதிர்ந்தா ஊதினா போயிடும். ரெண்டு வரிசையா, நேரா வைங்க."

அவள் புங்கனை எழுதிக்கொண்டாள். 'நேரா' என்பதை விட்டுவிட்டாள். பாதை வளைந்து போனால்தான் அழகாம்.

"நூலு வளையாதும்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் சுண்ணாம்புக் கோடு போட்ட மறுநாள், காலை ஆறு மணிக்கு வரச்சொன்னேன். பாவின் ஒரு நுனியை அவள் கையிலேயே கொடுத்து, அவள் பாதையிலேயே நடக்கச் சொன்னேன். முதல் வளைவிலேயே பாவு பாதையை விட்டு விலகி, செடிக்காக வெட்டிய குழிகளின் மேல் போனது. அவள் நின்றாள். பாவையும் கோட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். அப்புறம் செருப்புக் காலால் சுண்ணாம்பைத் தேய்த்து அழித்தாள்.

நாவலுக்கும் தூரத்தில் ஒரு மூலை கிடைத்தது. வீட்டுக்காரருக்குத் திருப்தி.

நடுவில் நேர்பாதை, இருபக்கமும் புங்கங்கன்றுகள். இன்னும் என் முழங்கால் உயரம்கூட இல்லை.

"நிழல் விழ அஞ்சாறு வருஷம் ஆவும். அதுவரைக்கும் மெஷின்ல ஓட்டின பாவு வாங்கிக்கலாமே, ஏன் வெயில்ல கஷ்டப்பட்டுக்கினு இருக்கற?" என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னது நியாயம்தான். முட்டி வலிக்கிறது. அத்தனை வருஷம் தாங்குமா என்று பயமாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு மாதம் நான் வராமல் இருந்தால், அந்த நேர்பாதையில் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்.

"நிழல் வர்ற அன்னிக்கு இங்க பாவு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, கஞ்சி வாளியைத் தூக்கினேன்.