சோற்றுப் பார்சலுக்குள் பைனாகுலர்

கண்டியில் ஒரு பழைய சாமான் கடையின் கண்ணாடி மேசைமேல் கிடந்த இரண்டு பைனாகுலர்கள் இன்றும் கண்முன்னே நிற்கின்றன. ஒன்று, மாட்டினால் கப்பல் கேப்டன் மாதிரி காட்டும் பெரியது. மற்றது, மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி. என் அத்தை மகனான மச்சான் இரண்டையும் தொடவில்லை. வெளியே போய் மேட்டுத் தெருவில் மூன்று தரம் ஏறி இறங்கி ஓடினான். இரைக்க இரைக்க வந்துதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்தான்.

"தம்பி, சாமான் வாங்க வந்தீங்களா, ரேஸ் ஓட வந்தீங்களா?" என்றார் முதலாளி.

"சைக்கிள்ல மேடேறி நின்னா இப்படித்தானே இரைக்கும். பெருசுல எல்லாமே ஆடுது" என்று குட்டியை எடுத்தான்.

நான் அதைப் பொம்மை என்றேன். ஞாயிறுதோறும் சைக்கிளில் போய்ப் பறவை பார்ப்பது அவன் பைத்தியம். அன்று எனக்குத் தெரிந்த பறவைகள் காக்கையும் கோழியும்தான்; ஊர் சுற்றலாமே என்றுதான் அவனோடு போனேன்.

யுத்த காலம். தமிழ்ப் பையன்கள் கையில் தூரத்தைப் பார்க்கும் கருவி இருந்தால் என்ன கேட்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். கழுத்தில் வெளியே தெரியத்தான் போடுவேன் என்று மச்சான் நின்றான். கம்பஸில், பல்கலைக்கழகத்தில், படிக்கிற என் மூளை சும்மா இருக்குமா? பன்வில என்ற ஊருக்குப் போகும் ஞாயிறன்று, "குடு, பையில வைக்கிறேன்" என்று வாங்கி, அவன் பார்க்காத நேரம் சோறு கட்டும் லஞ்ச் ஷீட்டில் சுற்றி, சோற்றுப் பார்சல்களோடு மூன்றாவது பார்சலாக்கிவிட்டேன்.

சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒவ்வொரு பார்சலாக அமுக்கினான். மூன்றாவதில் சட்டென்று கையை எடுத்துப் பின்வாங்கினான். பிரிக்கச் சொன்னார்கள். குண்டில்லை என்ற நிம்மதி அவர்களுக்கு ஒரு நொடிதான். பிறகு, ஏன் ஒளித்தீர்கள் என்ற கேள்வி வந்தது. வாய்க்குப் பேர்போன எனக்கு ஒரு சிங்களச் சொல்கூட வரவில்லை. மச்சான் முன்னால் வந்து, அது தன்னுடையது, சுற்றியதும் தானே என்று அவர்கள் பாஷையில் சொல்லிவிட்டான்.

அவனை உள்ளே வைத்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்கள். அழுத அழுகையில் பாதை தெரியவில்லை. தேயிலைத் தோட்டத்துக்கு மிதித்துப் போய், அங்கே ஆபீஸில் பெரிய கிளாக்கராக, தலைமை எழுத்தராக, இருந்த அவன் அப்பாவைக் கூட்டிவந்தேன். தோட்ட முத்திரை குத்திய கடிதத்தை நீட்டி மாமா நெடுநேரம் பேசினார். மாலையில் மச்சான் வெளியே வந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பைனாகுலர் கையில் இருந்தது.

"நான்தான்னு சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் வச்சிருப்பாங்க. அப்பாவக் கூட்டிட்டு வர யாரு, மைனாவா?"

இன்று அந்த இடத்தில் தேநீர்க் கடை இருக்கிறது. கழுத்தில் எதைத் தொங்கவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. என்றாலும் அந்த வளைவு வந்தால் எனக்கு வேகம் குறைந்துவிடும்.

அன்று நடந்ததற்கு அடுத்த ஞாயிறும் அதே பாதையில்தான் போனோம். சாவடிக்குச் சற்று முன்னால் மச்சான் இறங்கி, பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டி, சட்டைக்கு வெளியே இழுத்துவிட்டான்.

"இன்னிக்கு நீ முன்னால போ."

போனேன்.