மழையில் ஏறாத ஜீப்

சந்தனத்தின் ஜீப்பைப் பற்றி ஆனைக்கரை பஜாரில் யாரைக் கேட்டாலும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசுவார்கள். என்னைக் கேட்டால் காறித் துப்புவேன். என் பெயர் முத்துப்பேச்சி. தார் ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு எதிரே இறங்குகிற மண் ரோடு நேராக அவனுடைய ஏலத்தோட்டத்துக்குப் போகிறது. அதனால் தினமும் அவன் மூஞ்சியில் விழித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

கம்பத்திலிருந்து அப்பனோடு மலையேறி வந்தவன். ஆறு ஏக்கரை இருபதாக்கினான். பொண்டாட்டிக்கு ஒரு நல்ல சேலை எடுத்ததாக யாரும் பார்த்ததில்லை. ஜீப்புக்கு மட்டும் வருஷா வருஷம் புதுப் படுதா. எண்பத்தேழாம் வருஷத்து ஃபோர் வீல் ஜீப் அது. இந்த மலை மழைக்குத் தகரம் மூன்று வருஷத்தில் சல்லடையாகிவிடும். சந்தனம் என்ன செய்தான் தெரியுமா? ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர் சுவரை ஒட்டி ஷெட் போட்டான். காய்க்கு மூட்டுகிற நெருப்பின் சூடு சுவர் வழியாக ஜீப்புக்கும் போகும். பொட்டுத் துரு கிடையாது. காய் பறித்து நனைந்து வருகிற பொம்பளைகள் அந்தச் சுவரில் ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்த்தால் போதும், "எந்திரிங்க, வண்டியில ஈரம் படும்" என்று விரட்டுவான். நானும் அங்கே காய் பறித்து அவனிடம் விரட்டு வாங்கியவள்தான்.

என் வீட்டுக்காரர் பாண்டி அவன் தோட்டத்தில் பதினாறு வருஷம் உழைத்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வைகாசிக் கடைசியில், மழை முந்திப் பிடித்துக்கொண்டது. நிழல் மரத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்தவர் வழுக்கி விழுந்தார். தலையெல்லாம் ரத்தம். நான் சந்தனத்தின் வாசலுக்கு ஓடினேன்.

"மொதலாளி, ஜீப்ப எடுங்க. உங்க கால்ல விழுறேன்."

"மண் ரோடு ஊறிக் கெடக்கு முத்துப்பேச்சி. இந்த மழையில ஏத்தம் ஏறாது. பாதியில சறுக்குச்சுன்னா இன்னும் நாலு உசுரு போகும்" என்றான்.

அரை மணி நேரம் கெஞ்சினேன். பிறகு தோட்டத்து ஆட்களும் நானுமாகக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறினோம். தார் ரோட்டைத் தொடும்போது அவருக்கு உயிர் இல்லை.

அந்த மழையில் எந்த வண்டிதான் ஏறும் என்று பஜாரே சொன்னது. நானும் நம்பினேன். அதனால் அவனைத் திட்டிய அளவுக்கு என்னையும் திட்டிக்கொண்டேன். அந்த அரை மணி நேரத்தை அவன் வாசலில் தொலைக்காமல் நேராகத் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரே என்று. இந்த நினைப்பு இல்லாமல் நான் சோறு தின்ற நாள் கிடையாது. அன்றோடு அவனை மொதலாளி என்று கூப்பிடுவதையும் விட்டேன்.

இந்த வருஷம் அவனுக்கு முழங்கால் போய்விட்டது. கிளட்ச் மிதிக்க முடியவில்லை, ஜீப்பை விற்கப்போகிறான் என்று தெரிந்தது. வண்டி பார்க்க வருகிறவன் முதலில் என் கடையில்தான் விசாரிப்பான். வரட்டும் என்று காத்திருந்தேன்.

பாலக்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் நஜீம் என்பவன் வந்தான். பழைய ஜீப் என்றால் அவனுக்குப் பித்து. கொட்டுகிற மழை. தன் காரை என் கடையோரம் நிறுத்திவிட்டு டீ கேட்டான்.

"அக்கா, அந்த ஜீப் எப்படி? உள்ளதைச் சொல்லுங்க."

"விளங்காத வண்டி தம்பி. மழையில வெளிய எடுக்க மாட்டான். ஒரு மூட்ட காய் ஏத்துனதில்ல. துளி சேறு பட்டாலும் அன்னிக்கு அவனுக்குச் சோறு எறங்காது. பின்சீட்டுல ஒரு சீக்காளிய ஒக்கார வச்சதில்ல."

நான் சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! அப்போ எல்லாமே ஒரிஜினல்!"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கெடுக்கப் போய் அவனுக்குத் தரகு வேலை பார்த்திருக்கிறேன்!

"மழையில இந்த ஏத்தம் ஏறாது" என்றேன் கடைசியாக. "நாஞ் சொல்லல. அவனே எங்கிட்டச் சொன்னது."

அதற்குத்தான் நஜீமின் முகம் சுருங்கியது. "ஏத்தம் ஏறலைன்னா ஃபோர் வீல் எதுக்கு? ஓட்டிப் பார்க்காம அட்வான்ஸ் இல்லை."

வழி காட்டுகிறேன் என்று கடையைச் சாத்திவிட்டுக் கூடவே இறங்கினேன்.

ஷெட்டில் ஜீப் மாப்பிள்ளை மாதிரி நின்றது. "மழையில ஏறாதாமே?" என்று நஜீம் கேட்டதும் சந்தனத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்த மடப்பய சொன்னான்?"

குடைக்குள்ளிருந்து தலையை நீட்டினேன். "நீதான்."

அவன் ஜீப்பின் படுதாவை இழுத்துச் சரிசெய்தான். "அது... அன்னிக்குப் பேஞ்ச மழை வேற மாதிரி."

"அப்போ ஏறாதா?" நஜீம் விடவில்லை.

சந்தனம் என்னைப் பார்த்தான். ஜீப்பைப் பார்த்தான். பிறகு சாவியை எடுத்து நஜீமிடம் கொடுத்தான். "ஏறும். நீங்களே ஓட்டுங்க."

"அக்கா, நீங்களும் பின்னால ஏறுங்க. பாரம் இருந்தாத்தான் தெரியும்" என்றான் நஜீம். சந்தனத்தால் மறுக்க முடியவில்லை. சேற்றுக் காலோடு ஏறி உட்கார்ந்தேன்.

"ஃபோர் வீல் விழுறதுக்கு அந்தச் சின்ன கியரப் பின்னால இழுங்க. ஆக்சிலேட்டர லேசா மிதிங்க, போதும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து சந்தனம் சொல்லிக்கொடுத்தான். வண்டி முனகிக்கொண்டே ஏறியது. அன்று நாங்கள் முதலில் கம்பளியை இறக்கி வைத்த பாறை போனது. அவர் தண்ணீர் கேட்ட வளைவு போனது. சக்கரம் ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை.

என் கடை முன்னால் நிறுத்தி நஜீம் மணி பார்த்தான். "நாலு நிமிஷம்! அதுவும் எனக்குப் பழக்கமில்லாத வண்டி!"

சந்தனத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "எந்த மழையா இருந்தாலும் ஏறும் தம்பி. அப்படி வச்சிருக்கேன்!"

"அப்ப எம் புருஷன் ரத்தத்தோட கெடந்த அன்னிக்கு ஏன் எடுக்கல?" என்றேன்.

அவன் திரும்பாமல் முன்கண்ணாடியின் ஈரத்தைத் துடைத்தான். வாய்க்குள்ளேயே சொன்னான்: "சீட்டு அப்பத்தான் புதுசாத் தச்சிருந்துச்சு..."

நான் உட்கார்ந்திருந்த சீட்டைத் தடவிப் பார்த்தேன். ஒரு கறை இல்லை.

நஜீம் என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். வண்டி அப்பேர்ப்பட்ட வண்டி. நான் கடையைத் திறந்து அடுப்பை மூட்டினேன். பதினோரு வருஷம் என்னைத் திட்டிக்கொண்டதை அன்றோடு நிறுத்தினேன். அந்தப் பங்கும் இனிமேல் சந்தனத்துக்குத்தான். ஜீப் இல்லாமல், அந்த முழங்காலோடு தினமும் அவன் இந்த ஏற்றத்தில் நடந்து வரும்போது பஜார் கேட்கத் திட்டுகிறேன்.